மிருகக்காட்சிசாலைக்கு ஒரு வைத்தியசாலை: மருதானை முதல் பேராதனை வரை

மிருகக்காட்சிசாலை விலங்குகளுக்கென ஒரு வைத்தியசாலை கட்டுவது, மனிதருக்கான வைத்தியசாலை கட்டுவதை விடச் சிக்கலான வேலை. நோயாளியின் எடை சில கிராமில் தொடங்கி நான்கு தொன் வரை போகும். ஒரு நோயாளி இன்னொன்றுக்கு இரை. எங்கே வலிக்கிறது என்று எதுவும் சொல்லாது. பலவீனத்தைக் காட்டிய விலங்கு காட்டில் உயிர் தப்புவது அரிது என்பதால், நோயை இறுதிவரை மறைத்துக்கொள்வதே பெரும்பாலான காட்டு விலங்குகளின் இயல்பு. பராமரிப்பாளரின் கண்ணில் நோய் படும்போது அது பெரும்பாலும் முற்றியிருக்கும். அந்தக் கட்டடத்தின் சுவர், கதவு, தளம், வடிகால் எல்லாவற்றையும் தீர்மானிப்பவை இந்த உண்மைகளே.

இலங்கையில் இதை நேரில் பார்த்து விளங்கிக்கொள்ள வசதியான ஒரு புகையிரதப் பாதை உண்டு. அது கொழும்பு 10, மாளிகாவத்தையில் தொடங்குகிறது. தொடர்மாடிக் குடியிருப்புகளும் ஜும்ஆப் பள்ளிவாசலும் கெத்தாராம விளையாட்டரங்கும் புகையிரதத் திணைக்களத்தின் யார்டும் நெருங்கிக் கிடக்கும் இந்தப் பகுதியிலிருந்து மருதானை நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். மருதானையில் இரண்டு பாதைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கரையோரப் பாதை தெற்கே தெஹிவளைக்குப் போகிறது. நாட்டின் மிகப் பழைய மிருகக்காட்சிசாலை அங்கே இருக்கிறது. பிரதான பாதை ரம்புக்கனை வழியாக மலைநாட்டுக்கு ஏறுகிறது. அந்த வழியில் பின்னவலை யானைகள் சரணாலயமும், நாட்டின் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பேராதனைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், புதிய வைத்தியசாலை ஒன்றுக்கு என்னென்ன வேண்டும் என்பதற்கான விடை ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிடும்.

தெஹிவளை: இடம் என்னும் முதற் சிக்கல்

மருதானையிலிருந்து கோட்டை, கொம்பனித் தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று போகும் புகையிரதத்தில், கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு வலப்பக்கம் முழுவதும் கடல். தெஹிவளையில் இறங்கிக் காலி வீதியைக் கடந்து கிழக்கே போனால், வீடுகளும் கடைகளும் நெருக்கியடித்த நகரத்தின் நடுவே மிருகக்காட்சிசாலை வருகிறது.

இதன் தொடக்கம் வணிகம். ஜெர்மனியின் புகழ்பெற்ற விலங்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் 1920-களில் இதை அமைத்தார். தெற்காசியாவில் பிடிக்கப்பட்ட விலங்குகளைக் கப்பலேற்றும் வரை வைத்திருக்கும் இடமாகவே அது பயன்பட்டது. அவருடைய நிறுவனம் முறிந்ததும் 1936-இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1946-இல் அது தனித் திணைக்களமாயிற்று. 1982-ஆம் ஆண்டின் 41-ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இன்றைய சட்ட அடிப்படையைத் தந்தது.

மொத்தப் பரப்பு ஏறக்குறைய 11 ஹெக்டேயர். சென்னையின் மிருகக்காட்சிசாலையும் இப்படித்தான் நகர நடுவே நெருக்கத்தில் இருந்தது. 1855-இல் தொடங்கப்பட்ட அது, 1985-இல் வண்டலூருக்கு மாற்றப்பட்டு, இன்று ஏறத்தாழ 600 ஹெக்டேயரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்திருக்கிறது. தெஹிவளைக்கு அந்த வாய்ப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. 2015-இல் பின்னவலையிலும் 2016-இல் ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் ரிதியகமவிலும் புதிய பூங்காக்கள் திறக்கப்பட்டுச் சுமை பகிரப்பட்டது. பழைய இடமோ நகரத்தின் பிடிக்குள்தான் இன்னும் இருக்கிறது.

இடம் குறைவு என்பது வைத்தியசாலைக்கு ஏன் இவ்வளவு பெரிய விடயம்? நோயுற்ற விலங்கைப் பார்வையாளர் நடமாட்டத்திலிருந்தும் மற்ற விலங்குகளிலிருந்தும் பிரித்து வைப்பதுதான் சிகிச்சையின் முதற்படி. அதற்குத் தூரம் வேண்டும். வைத்தியசாலை பொதுமக்களின் பாதையில் இல்லாமல், வெளிவீதியிலிருந்து நேராக லொறி வந்துபோகத் தனி வாயிலுடன் அமையவேண்டும். காற்று வீசும் திசையும் நிலத்தின் சரிவும் கணக்கில் எடுக்கப்படவேண்டும். கழுவிவிடும் நீர் எந்தக் கூட்டின் பக்கமும் போகாமல், கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகே பொது வடிகாலில் சேரவேண்டும். கொழும்பின் அடைமழையில் நீர் எங்கே தேங்குகிறது என்பதை ஒரு மழைக்காலம் முழுவதும் கவனித்துவிட்டு அத்திவாரம் தோண்டுவதே அறிவுடைமை.

தனிமைப்படுத்தும் பகுதி

புதிய வைத்தியசாலையில் முதலில் எழவேண்டிய கட்டடம் தனிமைப்படுத்தும் பகுதி. பிற நாட்டிலிருந்தோ பிற பூங்காவிலிருந்தோ வரும் ஒவ்வொரு விலங்கும், பார்வைக்கு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், பொதுவாக 30 நாள்களாவது அங்கே இருக்கவேண்டும். குரங்கினங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைகள் திரும்பத் திரும்பச் செய்யப்படவேண்டியிருப்பதால் காலம் இன்னும் நீளும். மலத்தில் குடற்புழு, இரத்தத்தில் ஒட்டுண்ணி, தோலில் பூஞ்சை எல்லாம் தேடப்படும். அந்தப் பகுதிக்குத் தனிப் பராமரிப்பாளர், தனி வாளி, தனித் துடைப்பம், தனிக் காலணி இருக்கவேண்டும். தனியாள் வைக்க வசதியில்லாவிட்டால், சுகதேகியான விலங்குகளின் வேலையெல்லாம் முடித்த பிறகே அவர் அங்கே நுழையவேண்டும். திரும்ப வரும் வழியில் குளியலறை இருக்கவேண்டும். கால் நனைத்துச் செல்லும் கிருமிநாசினித் தொட்டி வாசலில் இருந்தால் போதாது. அதன் நீர் நாள்தோறும் மாற்றப்படவேண்டும். சேறு கலந்த கிருமிநாசினிக்கு வேலை செய்யும் திறன் இல்லை.

நோய் வெளியிலிருந்து வரும் விலங்கோடு மட்டும் வருவதில்லை, மனிதனோடும் வரும். 2021 ஜூன் மாதத்தில் தெஹிவளையின் 'தோர்' என்ற சிங்கத்துக்குக் கொரோனா தொற்று உறுதிப்படுத்தப்பட்டது. இந்தியாவின் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஆலோசனை நாடப்பட்டது. அதே நாள்களில் வண்டலூரில் ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று ஏற்பட்டு, நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் மாதிரிகளைப் பரிசோதித்து, டெல்டா வகைத் தீநுண்மி என்று கண்டறிந்தது. பூட்டிய பூங்காவுக்குள்ளேயே தொற்று பரவியது என்பது கட்டட வரைபடத்துக்கு ஒரு பாடம். பராமரிப்பாளர் உடை மாற்றும் அறை, கை கழுவும் இடம், அவருக்கான மருத்துவப் பரிசோதனை ஆகியவையும் விலங்கு வைத்தியசாலையின் பகுதிகளே.

கதவும் கூண்டும்

இத்தகைய வைத்தியசாலைகளுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. நியூயோர்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலை 1916-இல் தனி விலங்கு வைத்தியசாலை கட்டியது. 1927-இல் சான் டியேகோவில் ஆய்வுகூடத்துடன் கூடிய ஒன்று எழுந்தது. அன்றைய வைத்தியர்களுக்கு மிகப் பெரிய தடையாக இருந்தது நோயல்ல. நோயாளியை நெருங்க முடியாமை. ஒரு சிங்கத்துக்கு ஊசி போட ஆறேழு பேர் கயிறும் வலையும் கொண்டு போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்திலேயே விலங்கு இறந்துபோவதும் நடந்தது.

இன்று அந்தத் தடையைத் தாண்டும் முதற் கருவி நெருக்குக் கூண்டு. வெளிப்பார்வைக்கு அது சாதாரண இரும்புக் கம்பிக் கூண்டுதான். அதன் ஒரு பக்கச் சுவர் தண்டவாளத்தில் நகரும். சுழற்றும் கைப்பிடியை வெளியே நின்று மெல்லச் சுற்றினால், அந்தச் சுவர் அங்குலம் அங்குலமாக முன்னேறி, விலங்கை எதிர்ப்பக்கக் கம்பிகளோடு மென்மையாகச் சேர்த்துப் பிடிக்கும். கம்பிகளின் இடைவெளி முக்கியம்: வைத்தியரின் ஊசி உள்ளே போகவேண்டும், விலங்கின் பாதம் வெளியே வரக்கூடாது. கைப்பிடியின் சத்தம் பெரிதாக இருந்தால் சிறுத்தை மிரளும். ஆகவே பற்சக்கரங்களுக்கு வாரந்தோறும் கிரீஸ் பூசுவது மருத்துவ வேலைகளில் ஒன்று. சிறந்த பூங்காக்களில் இந்தக் கூண்டு விலங்கு தினமும் நடந்துபோகும் வழியிலேயே அமைந்திருக்கும். தினமும் அதற்குள் இறைச்சித்துண்டு கிடைத்துப் பழகிய விலங்கு, ஊசி போடவேண்டிய நாளிலும் தயங்காமல் உள்ளே வரும்.

கதவுகள் எப்போதும் இரட்டை. ஒன்று பூட்டப்பட்ட பிறகே மற்றது திறக்கவேண்டும். பூட்டு எல்லாம் வெளிப்பக்கம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு துவாரம். வார்டுகள் இனவாரியாகப் பிரியும். மானும் சிறுத்தையும் ஒன்றையொன்று பார்க்கவோ மோப்பம் பிடிக்கவோ முடியாத தூரத்தில் இருக்கவேண்டும். சிறுத்தையின் வாடை பட்ட மான் தீனியை விட்டுவிடும். மருந்து எவ்வளவு நல்லதானாலும் அது தேறாது. பறவை வார்டுக்குக் காற்றோட்டம் உயிர்நாடி, ஏனெனில் ஈரக்காற்றில் வளரும் அஸ்பர்ஜிலஸ் பூஞ்சை பறவைகளின் காற்றுப்பைகளில் குடியேறிக் கொல்லும். ஊர்வன வார்டுக்கு வெப்பம் வேண்டும். உடல் வெப்பம் சரியாக இல்லாத பாம்புக்கும் ஆமைக்கும் மருந்து வேலை செய்யாது.

அந்த வெப்பத்துக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. புதிய வைத்தியசாலை அந்த அனுபவத்தை மறக்காமல் கட்டப்படவேண்டும். தடுப்பூசிக் குளிரூட்டி, குஞ்சு பொரிக்கும் கருவி, ஒட்சிசன் வழங்கும் கருவி ஆகியவற்றுக்குச் சூரிய மின்கலமும் ஜெனரேட்டரும் இரண்டும் தேவை.

மயக்க மருந்தும் சத்திரசிகிச்சைக் கூடமும்

நெருக்குக் கூண்டுக்குள் அடங்காத விலங்குக்கு மயக்க மருந்துத் துப்பாக்கி. 1950-களில் நியூசிலாந்தைச் சேர்ந்த கொலின் மர்டொக் இதை உருவாக்கினார். 1960-களில் கீட்டமின், சைலசின், எட்டோர்பின் ஆகிய மருந்துகள் வந்தபின் காட்டு விலங்கு மருத்துவம் ஒரு துறையாகவே வளர்ந்தது. சைலசினையும் கீட்டமினையும் சேர்த்துக் கொடுக்கும் கலவை இன்றும் மியூனிக்கின் ஹெல்லாபுருன் மிருகக்காட்சிசாலையின் பெயரால் அழைக்கப்படுகிறது.

எட்டோர்பின் மோர்பினை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் கொண்டது. யானையையும் காண்டாமிருகத்தையும் சில மில்லிகிராமில் வீழ்த்தும். ஒரு துளி வைத்தியரின் கைக்காயத்தில் பட்டால் அவருடைய மூச்சு நின்றுபோகலாம். எனவே மருந்தறையின் அமைப்பும் சட்டம்போல் கண்டிப்பானது: இரட்டைப் பூட்டுப் பேழை, ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் பதிவேடு, மாற்றுமருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்த பிறகே குப்பியைத் திறப்பது, ஒருபோதும் தனியாளாக வேலை செய்யாமலிருப்பது.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு, மயக்கத்தில் கிடக்கும் புலியைத் தள்ளுவண்டியோடு உள்ளே கொண்டுவரும் அகலம் இருக்கவேண்டும். மேசை தரைமட்டம் வரை இறங்கி ஏறவேண்டும். கூரையில் பாரந்தூக்கி ஓடும் இரும்புத்தண்டு இருக்கவேண்டும். எக்ஸ்ரே அறையின் சுவர்களில் ஈயத்தகடு பதிக்கப்படவேண்டும். தளம் வழுக்காததாகவும் கழுவ இலகுவானதாகவும் இருக்கவேண்டும். சுவரும் தளமும் சேரும் இடம் மூலையில்லாமல் வளைந்திருந்தால் அழுக்கு தங்காது. கூடத்தை ஒட்டி, மங்கிய ஒளியும் மெத்தையிட்ட சுவரும் கொண்ட தெளியும் அறை வேண்டும். மயக்கத்திலிருந்து விழிக்கும் விலங்கு எழுந்து விழுந்து தலையை மோதிக்கொள்ளும் வேளைதான் முழுச் சிகிச்சையிலும் ஆபத்தானது.

பின்னவலை: நான்கு தொன் நோயாளி

மருதானைக்குத் திரும்பிப் பிரதான பாதையில் ஏறினால், மலையேற்றம் தொடங்கும் ரம்புக்கனை நிலையம் வருகிறது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கேகாலை மாவட்டத்தில், மா ஓயாவின் கரையில் பின்னவலை. 1975-இல் வனசீவராசிகள் திணைக்களம் தாயிழந்த யானைக் குட்டிகளுக்காக இதைத் தொடங்கியது. 1978-இல் மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. இங்கே முதற் குட்டி பிறந்தது 1984-இல். 2021 ஆகஸ்டில் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றது. கண்ணிவெடியில் காலின் ஒரு பகுதியை இழந்த சாமா என்ற யானை, யுத்தம் விலங்குகளுக்குச் செய்ததன் சாட்சியாக இங்கே வாழ்ந்தது.

ஆற்றில் குளிக்கும் யானைக் கூட்டத்தைப் பார்க்கவே பெரும்பாலானோர் இங்கு வருகின்றனர். வைத்தியசாலை பற்றி அறிய வருபவர் யானையின் உடலமைப்பை முதலில் கவனிக்கவேண்டும். பிற பாலூட்டிகளின் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே ஒரு வெளி இருக்கும்; யானைக்கு அது இல்லை. நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மயங்கிய யானை மார்பு நிலத்தில் படுமாறு குந்திவிட்டால், அதன் சொந்தப் பாரமே மூச்சை அடைத்துவிடும். சில நிமிடங்களுக்குள் அதைப் பக்கவாட்டில் சாய்க்கவேண்டும். ஆகவே யானைக் கூடத்துக்குத் தடித்த மணற்தளமும், பட்டைகளால் தூக்கி நிறுத்தும் பளுதூக்கியும் கட்டாயம். இந்தியாவின் முதல் யானை வைத்தியசாலை 2018-இல் மதுராவில் திறக்கப்பட்டபோது, யானையைத் தூக்கும் இயந்திரமும் கம்பியில்லா எக்ஸ்ரேயும் அதன் முதன்மையான கருவிகளாக இருந்தன.

எனினும் யானைக்கான மருத்துவத்தின் பெரும்பகுதி மயக்காமலே நடக்கிறது. காதின் பின்புறம் ஓடும் இரத்த நாளத்தில் இரத்தம் எடுக்கப் பழக்கலாம். பாதத்தைக் கம்பியிடை நீட்டி நகம் சீவப் பழக்கலாம். காசநோய்ப் பரிசோதனை இன்னும் நுட்பமானது. பாகனின் சொல்லுக்கு யானை துதிக்கையை நீட்டும். ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் உப்புநீரை வைத்தியர் துதிக்கைத் துவாரத்தில் விடுவார். துதிக்கையை உயர்த்தச் சொல்லி, நீர் உள்ளே போய்ச் சுழல விட்டு, பிறகு தாழ்த்தி ஒரு பொலித்தீன் பையில் ஊதச் சொல்வார்கள். பையில் சேரும் நீர் ஆய்வுகூடத்துக்குப் போகும். வெவ்வேறு நாள்களில் மூன்று முறை இது செய்யப்படும். மனிதரிடமிருந்து யானைக்கும் யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் என்பதால், பாகனின் நெஞ்சுப் பரிசோதனையும் இதோடு சேர்த்து நடக்கவேண்டும்.

வசதியில்லாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முத்துராஜாவின் கதை சாட்சி. தாய்லாந்து 2001-இல் இலங்கைக்கு அன்பளிப்பாகத் தந்த இந்த யானை, விகாரையொன்றில் வளர்ந்தது. 2022 நவம்பரில் சீழ்க்கட்டிகளோடும் மடக்க முடியாத முன்னங்காலோடும் அது தெஹிவளைக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கு அளிக்கப்பட்ட சிகிச்சையில் உடல் ஓரளவு தேறியது. காலுக்கு நீண்டகால மருத்துவம் தேவைப்பட்டது. 2023 ஜூலை 2-ஆம் திகதி, நான்கு தொன் எடைகொண்ட அந்த யானை இரும்புக் கூண்டில் இலியூஷின் 76 ரக விமானத்தில் ஏற்றப்பட்டுத் தாய்லாந்துக்குத் திரும்பியது. செலவு ஏறத்தாழ 7 இலட்சம் அமெரிக்க டொலர். அது போய்ச் சேர்ந்த லம்பாங் பகுதியில்தான் உலகின் முதல் யானை வைத்தியசாலை 1993-இல் அமைக்கப்பட்டது. புத்தரின் புனிதச் சின்னப் பேழையைச் சுமக்க யானையைத் தேர்ந்தெடுக்கும் நாடு இலங்கை. அந்த யானை நோயுற்றால் கவனிக்கும் இடமும் இங்கேயே இருக்கவேண்டும்.

ஆய்வுகூடமும் பிரேத அறையும்

வைத்தியசாலை வரைபடத்தில் எப்போதும் பின்தள்ளப்படும் பகுதி பிரேதப் பரிசோதனை அறை. அதன் மதிப்பைச் சொல்ல பின்னவலையோடு தொடர்புடைய ஒரு யானைக் குடும்பமே போதும். இலங்கை 1970-களில் அமெரிக்கச் சிறுவர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பிய சாந்தி, பின்னவலையில் வளர்ந்த தாயில்லாக் குட்டி. வொஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் அது 1993-இல் குமாரியை ஈன்றது. 16 மாதத்தில், 1995-இல், குமாரி திடீரென இறந்தது. உடலைத் திறந்து ஆராய்ந்த நோயியலாளர்கள் அதுவரை அறியப்படாத ஒரு ஹேர்பிஸ் வைரஸைக் கண்டார்கள். 1999-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் அது வெளியாயிற்று. இளம் ஆசிய யானைகளை அதிகம் கொல்லும் நோய் அதுதான். அறிகுறி தெரிந்து ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும் என்பதால், வாரந்தோறும் குட்டிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, வைரஸின் அளவு உயரும்போதே மருந்தும் பிளாஸ்மாவும் ஏற்றுவது இன்றைய முறை. ஒரு குட்டியின் பிரேதம் ஒழுங்காக ஆராயப்பட்டதால் உலகெங்கும் பல குட்டிகள் பிழைத்திருக்கின்றன.

எனவே பிரேத அறை மற்றக் கட்டடங்களிலிருந்து விலகி, தனி வாயில், தனி வடிகால், குளிர் அறை, எரியூட்டி ஆகியவற்றோடு அமையவேண்டும். அதன் பக்கத்தில் நுண்ணோக்கி, இரத்த அணு எண்ணும் கருவி, பி.சி.ஆர். இயந்திரம் உள்ள ஆய்வுகூடம் வேண்டும். மாதிரியை வேறு ஊருக்கு அனுப்பி விடை வரும்வரை காத்திருக்கும் நேரம் குட்டி யானைக்கு இல்லை.

பேராதனை: ஆள்பலம்

ரம்புக்கனையிலிருந்து புகையிரதம் கடுகண்ணாவைக் கணவாயை ஏறிப் பேராதனையை அடைகிறது. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் இங்கே உள்ளன. அருகே கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாடு, ஆடு, கோழி, நாய், பூனை ஆகியவற்றின் மருத்துவத்தில் தேர்ந்து வெளியேறும் பட்டதாரி, காட்டு விலங்கு மருத்துவத்தைக் கற்க விலங்குகள் வாழும் இடத்துக்கே வரவேண்டும். ஆகவே புதிய வைத்தியசாலையில் மாணவருக்கான வகுப்பறையும் தங்குமிடமும், சத்திரசிகிச்சையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் இடமும் இருக்கவேண்டும். அது பூங்காவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொதுச் சொத்தாகும். உடவளவையில் 1995 முதல் இயங்கும் யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையத்துக்கும், காயமுற்ற காட்டு விலங்குகளைக் கொண்டுவரும் வனசீவராசி அலுவலருக்கும் அதுவே புகலாகும்.

இலங்கைக்கு இந்தத் துறையில் அறிவுக் குறை இருந்ததில்லை. தெஹிவளையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ், 1973-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலைக்கும் பின்னர் 1994-இல் திறக்கப்பட்ட அதன் இரவு சஃபாரிக்கும் ஆலோசகராக வழிகாட்டியவர். குறை பணத்திலும், பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பதிலும் இருக்கிறது. கூடமும் இயந்திரமும் திறப்புவிழாவில் கண்ணுக்குத் தெரியும்; தனிமைப்படுத்தும் பகுதியும் பிரேத அறையும் தெரியாது. தெரியாத பகுதிகளே அதிக உயிர்களைக் காக்கின்றன. திட்டம் வகுப்போர் முதல் ரூபாவைத் தனிமைப்படுத்தும் பகுதிக்கும், இரண்டாவதை ஆய்வுகூடத்துக்கும் பிரேத அறைக்கும், அடுத்ததைப் பராமரிப்பாளரின் பயிற்சிக்கும் ஒதுக்கட்டும். சத்திரசிகிச்சைக் கூடம் அதன்பின் எழட்டும். நுழைவுச்சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும், தாம் பார்க்க வந்த விலங்கு நோயுற்றால் எங்கே கொண்டுபோகப்படும் என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது திணைக்களத்தின் கடமை.